கேஸ் விலையும் நமது பற்று நோட்டும்

மளிகைக் கடை நடத்துகிறவர்களுக்கு மாதத்தின் முதல் பத்து நாட்கள் எப்படிப்பட்டவை என்று நாம் எழுதித் தெரிய வேண்டியதில்லை. சம்பளம் வந்த கையோடு பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டுப் புதிய சீட்டை நீட்டும் வாடிக்கையாளர்களை நம்பித்தான் சில்லறைக் கடைகள் ஓடுகின்றன. சில்லறைக் கடைகளை நம்பி எங்களைப் போன்ற மண்டிக்காரர்கள் இருக்கிறோம். இந்த வரவு சில ஆண்டுகளாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருப்பதை நம்மில் பலர் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும், அதாவது வீட்டு எரிபொருள் செலவை மட்டும், இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

சாத்தூர் பக்கத்துச் சில்லறை வணிகர் ஒருவர் எங்கள் மண்டிக்கு வந்திருந்தபோது தமது பற்று நோட்டையே கொண்டுவந்து காட்டினார். வாடிக்கைக் குடும்பங்கள் அதே எண்ணிக்கைதான். விற்பனையும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 நாளில் வந்துகொண்டிருந்த பணம் 45 நாளாகிறது. கேட்டால், "அண்ணாச்சி, இந்த மாசம் கேஸ் வந்திருச்சு, கரண்டு பில்லும் வந்திருச்சு, நம்ம கணக்கை அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்" என்கிறார்களாம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று ரொக்கம் வாங்கிக்கொண்டுதான் இறக்குவார். மின் கட்டணம் கட்டாவிட்டால் பியூசைப் பிடுங்கிவிடுவார்கள். பள்ளிக்கூடக் கட்டணமும் அப்படித்தான். அடுத்த வாரம் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் மளிகைக் கடை. ஆகவே எரிபொருள் விலை ஏறினால், அந்த ஏற்றம் முதலில் வந்து உட்காருவது நமது பற்று நோட்டில்தான். சாத்தூர்க்காரர் எங்களுக்குத் தர வேண்டியதும் அதே 15 நாள் தள்ளிப்போயிற்று. நாங்கள் தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டியதும் தள்ளிப்போயிற்று. அடுப்பு விஷயம் பெண்கள் பார்த்துக்கொள்வது என்று நாம் ஒதுக்கிவிட முடியாத காரணம் இதுவே.

முதலில் விலை. சென்னை விலையை வைத்துச் சொல்கிறோம். நமது ஊர்களில் சில ரூபாய் கூடக் குறைய இருக்கும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2023 ஆகஸ்ட் வரை 1,118 ரூபாய் 50 காசுக்கு விற்றது. அந்த மாதக் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள். 2024 மார்ச்சில் இன்னும் 100 ரூபாய் குறைந்து 818 ரூபாய் 50 காசு ஆயிற்று. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசுக்கு வந்தது. மானியத்தின் கதை வேறு. 2015 ஜனவரி முதல் நாடு முழுவதும் மானியம் வங்கிக் கணக்கில் வரவானது. 2020 மே மாதத்துக்குப் பிறகு சாதாரண இணைப்புக்காரர்களுக்கு அந்த வரவும் ஏறக்குறைய நின்றுபோயிற்று. உஜ்வலா திட்டத்து இணைப்புகளுக்கு மட்டும் 2022-ல் 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியமாகக் கொடுக்கப்பட்டது.

விலை ஏன் இப்படி ஆடுகிறது என்று கடைக்கு வருகிறவர்கள் நம்மைத்தான் கேட்கிறார்கள். நமது நாடு பயன்படுத்தும் சமையல் கேஸில் 100 பங்குக்கு 60 பங்கு அளவு வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து. சவூதி நாட்டு நிறுவனம் மாதா மாதம் அறிவிக்கும் புரொப்பேன், பியூட்டேன் விலைதான் அடிப்படை. குண்டூரில் என்ன விலை சொல்கிறார்களோ அதை வைத்து நாம் இங்கே மிளகாய் விலை போடுகிறோமே, அதைப் போல. அதன் மேல் டாலர் மதிப்பு, கப்பல் வாடகை, வரி எல்லாம் ஏறும். அங்கே ஒரு போர்ப் பேச்சு வந்தாலும், இங்கே ரூபாய் சரிந்தாலும் அடுப்படியில் தெரியும். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன நடந்தது என்பது நம்மில் நரைத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

மாற்று எரிபொருள் என்பது நமது ஊர்களுக்குப் புதிதல்ல. எங்கள் சிறு வயதில் விறகுக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. விறகு விலை ஏறியபோது மரத்தூள் அடுப்பு வந்தது. தகர டப்பாவின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை மெதுவாக உருவிவிட்டுக் கீழே தீ வைத்தால் அரை நாள் கனன்றுகொண்டிருக்கும். மர அறுவைப் பட்டறையில் வேண்டாமென்று கொட்டிய தூளுக்கு விலை வந்தது அப்போதுதான். பிறகு பம்பு ஸ்டவ், திரி ஸ்டவ், அதற்கு ரேஷன் மண்ணெண்ணெய். இந்தியன் ஆயில் ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய நூதன் ஸ்டவ் பல வீடுகளில் இருந்தது. 2007-ல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும் மண்ணெண்ணெய் வரிசை குறைந்தது. 2016 முதல் மண்ணெண்ணெய் விலையைச் சிறிது சிறிதாக ஏற்றி, 2020-ல் மானியமே இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆக, கேஸ் விலை ஏறினால் மண்ணெண்ணெய்க்குத் திரும்பலாம் என்ற வழி அடைபட்டுவிட்டது. மீதமிருப்பவை மின்சாரம், சூரியன், சாணம், விறகு. இவற்றில் எது யாருக்குக் கட்டுபடியாகும் என்பதே கேள்வி.

இதை எழுதும் தகுதி எங்களுக்கு ஒரு நட்டத்தினால் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2012 செப்டம்பரில், மானிய விலை சிலிண்டர் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6 மட்டுமே என்று மத்திய அரசு அறிவித்தது. ஊரெல்லாம் இண்டக்சன் அடுப்பு பேச்சாக இருந்தது. மளிகையோடு இதையும் பக்க வியாபாரமாகச் செய்யலாமே என்று எங்கள் மண்டியில் 60 அடுப்பு இறக்கினோம். அந்த ஆண்டு மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை நாம் யோசிக்கவில்லை. நமது மாவட்டங்களில் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லை. வாங்கிக்கொண்டு போனவர்களில் சிலர் நான்காம் நாளே திரும்பக் கொண்டுவந்தார்கள். கரண்டு இல்லை என்பது ஒரு காரணம். வீட்டிலிருந்த அலுமினியப் பாத்திரம் அதில் சூடாகவில்லை என்பது இன்னொன்று. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அந்த அடுப்புக்கு ஆகும் என்பதை விற்றவன் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2013 ஜனவரியில் 6 சிலிண்டரை 9 ஆக்கினார்கள், அடுத்த ஆண்டு 12 ஆக்கினார்கள். அதோடு கேட்பார் இல்லை. போட்ட பணத்தில் பாதிதான் திரும்பியது. கடைசி சில அடுப்புகள் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கு மொய்யாகப் போயின. எங்கள் மூத்தவர், "பருப்பு வியாபாரிக்குக் கரண்டு வியாபாரம் எதுக்குடா" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அன்று போடாமல் விட்ட கணக்கை இப்போது போடுவோம். ஒரு கிலோ கேஸில் உள்ள வெப்பம் சுமார் பன்னிரண்டே முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 14.2 கிலோவுக்கு 180 யூனிட். ஆனால் கேஸ் அடுப்பில் எரிவது முழுவதும் பாத்திரத்துக்குள் போவதில்லை, மூன்றில் ஒரு பங்கு காற்றில் போகும். இண்டக்சன் அடுப்பில் 100-க்கு 85 அளவு பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது. கழித்துக் கூட்டிப் பார்த்தால், ஒரு சிலிண்டரில் ஆகும் சமையலை இண்டக்சனில் செய்ய ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். இந்த 140 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சிலிண்டர் விலையை 140-ஆல் வகுத்தால் வருவதுதான் எல்லைக்கோடு. 868 ரூபாய் 50 காசை வகுத்தால் 6 ரூபாய் 20 காசு. யூனிட் இதற்குக் கீழே கிடைத்தால் மின்சாரம் லாபம், மேலே போனால் கேஸ் லாபம். விலை நாளை மாறினாலும் வகுக்கும் முறை மாறாது.

இனி மின் கட்டணம். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த அட்டவணையை எடுத்துக்கொள்கிறோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறுக்குக் கிடைத்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை போய், அதற்கும் 4 ரூபாய் 70 காசு. 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் 800 வரை 9 ரூபாய் 45 காசு.

இரண்டு வீடுகளைப் பார்ப்போம். இரண்டிலும் மாதம் ஒரு சிலிண்டர், அதாவது இரண்டு மாதத்துக்கு 2 சிலிண்டர், 1,737 ரூபாய். முதல் வீட்டில் ஒரு பிரிஜ், இரண்டு மின்விசிறி, ஒரு டி.வி. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது. பில் 188 ரூபாய். முழுச் சமையலும் மின்சாரத்துக்கு மாறினால் 460 யூனிட், பில் 1,553 ரூபாய். கூடுதல் செலவு 1,365 ரூபாய், மிச்சம் 372 ரூபாய். இதில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. பாதிச் சமையலை மட்டும் மாற்றினால், அதாவது பால், வெந்நீர், சோறு ஆகியவற்றை இண்டக்சனில் வைத்து, தோசையும் தாளிப்பும் கேஸில் வைத்துக்கொண்டால், பில் 799 ரூபாய்தான் வரும். ஒரு சிலிண்டர் குறைந்ததில் 257 ரூபாய் மிச்சம். ஆக, லாபத்தில் பெரும்பங்கு முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது. முழுவதும் மாற வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது வீட்டில் ஏ.சி. இருக்கிறது, தண்ணீர் மோட்டார் இருக்கிறது. ஏற்கனவே 480 யூனிட், பில் 1,679 ரூபாய். இவர்கள் முழுச் சமையலையும் மாற்றினால் 760 யூனிட், பில் 4,392 ரூபாய். கூடுதல் 2,713 ரூபாய், கேஸில் மிச்சமானது 1,737 ரூபாய்; நட்டம் 976 ரூபாய். அதே அடுப்பு, அதே சமையல், ஒரு வீட்டுக்கு லாபம், அடுத்த வீட்டுக்கு நட்டம். இண்டக்சன் நல்லதா கெட்டதா என்று கடையில் நின்று விவாதிப்பதில் பொருளில்லை. வீட்டு மின் அட்டையை எடுத்துப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது. 300 ரூபாய் மானியம் பெறும் வீட்டுக்கு சிலிண்டர் விலையிலிருந்து அதைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். அப்போது எல்லைக்கோடு 4 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். அவர்கள் 200 யூனிட்டுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் மின்சாரத்தில் சமைக்கலாம்.

அடுப்பு வாங்குகிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, மேலே சொன்ன காந்தம் ஒட்டும் பாத்திரம். எவர்சில்வர் எல்லாமே ஒட்டாது, கடையிலேயே காந்தம் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது, அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். பழைய வீட்டு ஒயரிங்கில், விளக்கு எரியும் சிறிய பிளக்கில் செருகினால் பிளக் உருகிவிடும். பெரிய பிளக் பாயிண்ட் போட எலக்ட்ரீசியன் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேற்கூரை சூரிய மின்சாரத்துக்கு வருவோம். பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். வீடுகளுக்குத்தான் இது, கடைகளுக்கு அல்ல. நமது பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும், நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். இரண்டாவது வீட்டுக்காரர், அதாவது 760 யூனிட்காரர், 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 720 யூனிட் வரும். நெட் மீட்டர் மூலம் அது பில்லில் கழிந்தால், ஆண்டுக்கு 25,000 ரூபாய் அளவில் மிச்சம். மானியம் போகக் கைக்காசு ஒன்றேகால் லட்சம் ஆனாலும் ஐந்து ஆண்டில் எடுத்துவிடலாம், தகடு அதற்குப் பின்னும் இருபது ஆண்டு உழைக்கும். இண்டக்சனால் நட்டப்பட்ட அதே வீடு, கூரையில் தகடு போட்டால் லாபத்துக்கு வந்துவிடுவதைக் கவனியுங்கள். ஆனால் 188 ரூபாய் பில் கட்டுகிற முதல் வீட்டுக்கு இது எந்த வகையிலும் கட்டாது. அவருக்கு ஆண்டு முழுவதும் ஆகும் மின் செலவே 1,128 ரூபாய்தான். அந்த வீட்டுக்காரர் ஏஜெண்டு பேச்சைக் கேட்டுக் கடன் வாங்கித் தகடு போட்டால், அந்தத் தவணையும் ரொக்கமாகத்தான் போகும், நமது கணக்கு இன்னும் ஒரு வாரம் தள்ளும்.

பலருக்குத் தெரியாத ஒன்று. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்துப் போடும் சூரியத் தகடு, மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் வீட்டில் விளக்கு எரியாது. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டுக்கு மருந்து என்று எண்ணிப் போட்டவர்கள் பிறகு சண்டைக்கு வருகிறார்கள். மீட்டர் செலவு, மின்வாரியக் கட்டணம், யார் பழுது பார்ப்பது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது. சூரியத் தகடு, சூரிய வெந்நீர்க் கலன், சூரிய அடுப்பு, சாண எரிவாயுக் கலன் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய வரியோடு போட்ட விலைப்புள்ளியை யாராவது நீட்டினால் திருப்பிக் கேளுங்கள்.

சூரிய வெந்நீர்க் கலன் மலைப்பகுதிக்கும், கூட்டுக் குடும்பங்களுக்கும், லாட்ஜுகளுக்கும் நல்லது. நமது ஊர் வெக்கையில் எத்தனை மாதம் வெந்நீர் குளிக்கிறோம் என்று பார்த்துக்கொண்டு வாங்கலாம். போர்த் தண்ணீர் உப்பு என்றால் குழாயில் சுண்ணாம்பு படிந்துவிடும். பெட்டி வடிவச் சூரிய அடுப்பில் சோறும் பருப்பும் நன்றாகவே வேகும், இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆரோவில்லில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்றைக் கூரையில் வைத்துச் சூரிய வெப்பத்தில் நீராவி எடுத்துச் சமைக்கிறார்கள். காலை 8 மணிக்குள் சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற வீட்டுக்கு இவை எப்படி உதவும் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

சாண எரிவாயு அப்படியல்ல. மாடு வைத்திருக்கும் கிராமத்து வாடிக்கையாளர்களுக்கு இதைப் போல லாபமான எரிபொருள் வேறில்லை. 2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ சாணம் வேண்டும், நான்கைந்து மாடு இருந்தால் போதும். அதில் கிடைக்கும் வாயு மாதம் ஒன்றரை சிலிண்டருக்கு மேல் ஈடாகும். வெளியே வரும் கரைசல் வயலுக்கு எருவாகவும் ஆகும். காதி கிராமத் தொழில் ஆணையம் 1960-களிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. புனேயில் ஆனந்த் கார்வே என்ற விஞ்ஞானியின் நிறுவனம் சாணத்துக்குப் பதிலாக மாவுப் பொருளில் ஓடும் சிறிய கலனை உருவாக்கி, அதற்காக 2006-ல் ஆஷ்டன் விருது பெற்றது. கெட்டுப்போன மாவு, உளுத்த தானியம், மீந்த சோறு எல்லாம் அதற்குத் தீனி. வண்டு விழுந்த கோதுமை மாவையும், கடையைக் கூட்டியள்ளும் தானியத்தையும் குப்பையில் கொட்டுகிற நாம், வீட்டின் பின்புறம் இடம் இருந்தால் யோசித்துப் பார்க்கலாம். தொடங்கும்போது கொஞ்சம் சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். தினமும் போட வேண்டும், அளவுக்கு மீறிப் போடவும் கூடாது; போட்டால் கலன் புளித்து வாயு நின்றுவிடும்.

விறகைப் பற்றி நமது வட்டாரத்தில் சொல்லவே வேண்டாம். சீமைக்கருவேலம் காசில்லாமல் கிடைக்கிறது. கேஸ் இணைப்பு இருந்தும் பல கிராமத்து வீடுகளில் வெந்நீரும் நெல் அவியலும் அதில்தான். காசு மிச்சம் உண்மை. மூடிய அடுப்படியில் அந்தப் புகையைச் சுவாசிக்கும் பெண்களுக்கு மூச்சுக் கோளாறு வருவதும் உண்மை. புகைபோக்கி வைத்த அடுப்பு, அல்லது வெளித் திண்ணையில் அடுப்பு என்றால் ஒருவாறு சரி.

இதுவரை வாடிக்கையாளர் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொன்னோம். நமது கடையில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாங்கள் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அது பருப்பு.

வெக்கையிலும் ஈரத்திலும் நாள்பட்ட துவரம் பருப்பு வேகாது என்பது நமக்குத் தெரியும். புதுச் சரக்கு 20 நிமிடத்தில் மலர்ந்துவிடும் என்றால், கிடங்கில் ஒரு வருடம் கிடந்தது 35 நிமிடமானாலும் முழுசாக நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போல இருக்கும், பாலிஷ் போட்டால் பழையது இன்னும் மினுமினுக்கும். கிலோவுக்கு 5 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, 3 ரூபாய் குறைத்து விற்கிறோம். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். இப்போது அடுப்பைப் பாருங்கள். நடுத்தரச் சுடரில் கேஸ் அடுப்பு மணிக்கு 100 கிராம் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 15 நிமிடத்துக்கு 25 கிராம். கிலோ கேஸ் 61 ரூபாய் என்றால் ஒன்றரை ரூபாய். தினமும் 100 கிராம் பருப்பு வேகவைக்கும் குடும்பத்துக்கு மாதம் 45 ரூபாய். அந்த மாதத்தில் அவர்கள் வாங்கிய பருப்பு 3 கிலோ. ஆக, கிலோவுக்கு 3 ரூபாய் மிச்சம் பிடித்த அந்த அம்மாள், அதை வேகவைக்கக் கிலோவுக்கு 15 ரூபாய் கேஸ் செலவழித்திருக்கிறார். அந்தக் காசு கேஸ்காரருக்கு ரொக்கமாகப் போயிற்று, நமது கணக்கு பாக்கி நின்றது. நாம் விற்ற சரக்கே நமது வரவைத் தடுத்திருக்கிறது.

எங்கள் மண்டியிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது, மறைப்பதற்கில்லை. ஓர் ஆண்டு விலை ஏறும் என்று எண்ணி 80 மூட்டை வைத்திருந்து, ஏறாமல் போகவே மழைக்காலம் முடிந்து அதைத் தள்ளிவிட்டோம். வாங்கிய கடைக்காரர்கள் இரண்டு பேர் அதன் பிறகு எங்களிடம் வரவில்லை. பருப்பு வேகவில்லை என்று அவர்கள் சொல்லக்கூட இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர்களும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், பேசாமல் கடையை மாற்றியிருப்பார்கள்.

அது முதல் எங்கள் மண்டியில் ஒவ்வொரு லாரிச் சரக்கிலும் மூன்று மூட்டையிலிருந்து கைப்பிடி எடுத்து, 50 கிராமை ஒரே அளவுத் தண்ணீரில், மூடி போட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து நிமிடம் பார்க்கிறோம். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். அதிகம் பிடிக்கும் சரக்கை, "ஊறவைத்து வேகவைக்கவும்" என்று சொல்லியே விலை குறைத்துக் கொடுக்கிறோம். அரை மணி நேரம் ஊறினால் பழைய பருப்பும் ஓரளவு வழிக்கு வந்துவிடும். உப்புப் போர்த் தண்ணீரில் நல்ல பருப்பும் வேகாது என்பதையும், புளியை முன்னால் ஊற்றினால் பருப்பு விறைத்துவிடும் என்பதையும் அனுபவப்பட்ட பெண்கள் அறிவார்கள். புதிதாகக் குடித்தனம் வைத்தவர்களுக்கு யார் சொல்வது? சீட்டுப் போட்டுக் கட்டும்போது நாம் ஒரு வார்த்தை சொன்னால் தப்பில்லை. கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு வாங்குகிறவர்களுக்கு முதல் நாள் இரவே ஊறப்போடச் சொல்வதும் அப்படித்தான். மூடி போட்டுச் சமைப்பது, குக்கர் கொதித்ததும் சுடரைக் குறைப்பது முதலியவற்றைப் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 1978 முதல் சொல்லி வருகிறது. அவர்கள் சொன்னதைக் கேட்டவர்களைவிட மளிகைக் கடை அண்ணாச்சி சொல்லிக் கேட்டவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம்.

எச்சரிக்கையாக ஒன்று. பெரிய சிலிண்டரிலிருந்து சிறிய சிலிண்டருக்குக் கேஸ் மாற்றிக் கிலோ கணக்கில் விற்கும் ஆசை சில இடங்களில் இருக்கிறது. அது சட்டப்படி குற்றம், அதோடு கடையும் தெருவும் எரிந்துபோகும் வேலை. அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களும், கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களும் கேட்கிறார்கள் என்றால், 2013 முதல் முகவரிச் சான்று கேட்காமல் 5 கிலோ சிலிண்டரை எண்ணெய் நிறுவனங்களே விற்கின்றன. மளிகைக் கடைகள் மூலமும் விற்க இடம் கொடுத்தார்கள். ஏஜென்சியிடம் விதிமுறைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மண்ணெண்ணெய், வெடி, தீப்பெட்டிக் கட்டு அருகில் இல்லாத இடத்தில் வைத்து முறையாகச் செய்யலாம்.

மேற்கூரைத் தகடு போட்ட உறுப்பினர்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள். இண்டக்சனுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். மாறுவதற்கு முன் இரண்டு பில், மாறிய பின் இரண்டு பில், அந்த நான்கு மாதங்களில் வாங்கிய சிலிண்டர் எண்ணிக்கை, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், பெயர் போடாமல் கணக்கை மட்டும் அடுத்த இதழில் வெளியிட ஆசிரியர் குழு சம்மதித்திருக்கிறது. பருப்பு வேகும் நேரத்தைக் குறித்து வைத்திருப்பவர்களும் எந்த ஊர்ச் சரக்கு, எந்த மாதம் வந்தது என்ற விவரத்தோடு அதையும் சேர்த்து அனுப்பலாம்.